புதிய பட்டதாரிகளை நம்பிய பாபா

1957-ம் ஆண்டு. நாடெங்கும் உள்ள பட்டதாரிகளுக்கு அரசாங்கத்திடமிருந்து ஓர் அழைப்பு வந்தது.

விஞ்ஞானம் படித்தவர்கள் விண்ணப்பம் போடலாம். என்ஜினீயரிங் படித்தவர்களும் போடலாம். முன் அனுபவம் வேண்டியதில்லை. அணுவைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. தேர்ந்தெடுக்கப்படுகிறவர்களுக்கு ஓராண்டு பாடம் சொல்லித் தரப்படும். படிக்கிற காலத்திலேயே மாதாமாதம் உபகாரச் சம்பளம் உண்டு. படித்துத் தேறினால், பம்பாயை அடுத்த டிராம்பேயில், அணுசக்தி ஆராய்ச்சிக் கூடத்தில் உத்தியோகம்.

அந்த நாளில் இது ஒரு புதுமை. அரசாங்க வேலை என்றால் எங்கேயோ ஒரு நாற்காலி காலியாக வேண்டும். அதற்கு நூறு பேர் மனுப் போடுவார்கள். ஒருவருக்குக் கிடைக்கும். இங்கேயோ, காலி நாற்காலி எதுவும் இல்லை. சொல்லப்போனால், அங்கே பல கட்டிடங்களே இன்னும் எழும்பவில்லை. ஆட்களை முதலில் சேர்த்துப் பழக்கிவிட்டு, பிறகு அவர்களைக் கொண்டே கட்டிடத்தையும் கருவிகளையும் உண்டாக்குவது என்று ஒருவர் முடிவு செய்திருந்தார்.

அவர்தான் ஹோமி பாபா. இந்திய அணுசக்தித் துறையின் தந்தை என்று பெயர் எடுத்தவர்.

அப்பாவுடன் ஓர் ஒப்பந்தம்

பாபா 1909-ம் ஆண்டு அக்டோபர் 30-ந்தேதி பம்பாயில் பிறந்தார். பார்சிக் குடும்பம். நல்ல வசதி. தந்தை ஜகாங்கீர் பாபா சட்டம் படித்தவர். அத்தையின் கணவர் சர் தோராப்ஜி டாட்டா. ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலையை நடத்திய டாட்டா குடும்பம்.

பையன் என்ஜினீயர் ஆகவேண்டும், இரும்பு ஆலையில் பெரிய பதவியில் உட்காரவேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. 1927-ல் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் வகுப்பில் சேர்ந்தார். அப்போது 18 வயது கூட நிறையவில்லை.

போன இடத்தில் அவர் மனம் மாறிவிட்டது. அணுவுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதை மேல்நாட்டு விஞ்ஞானிகள் துருவிக்கொண்டிருந்த காலம் அது. கேம்பிரிட்ஜில் டிராக் என்ற இளம் மேதை இருந்தார். பாபாவுக்கு இயந்திரப் படிப்பு கசந்தது. கணக்கும் பௌதிகமும் படிக்கவேண்டும், வேறு எதுவும் தமக்குச் சரிப்படாது என்று தகப்பனாருக்குக் கடிதம் எழுதினார்.

எத்தனையோ வீடுகளில் நடக்கிற சங்கதிதான். மகன் ஒன்றை விரும்புகிறான். அப்பா இன்னொன்றை விரும்புகிறார். பெரும்பாலும் அழுகையில் முடியும். அல்லது கோபத்தில் முடியும். ஜகாங்கீர் பாபா இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை. எடுத்த படிப்பை முதலில் முடி, அதில் முதல் வகுப்பு வாங்கு, பிறகு கணக்குப் படிக்கப் பணம் தருகிறேன் என்று தெரிவித்துவிட்டார்.

பாபா வாக்கைக் காப்பாற்றினார். 1930-ல் என்ஜினீயரிங்கில் முதல் வகுப்பு. அப்பாவும் வாக்கைக் காப்பாற்றினார். 1932-ல் கணக்கிலும் முதல் வகுப்பு.

கசந்த படிப்பு வீண்போகவில்லை. பிற்காலத்தில் அணு உலைகளைக் கட்டியபோது, குழாயும் இரும்பும் கான்கிரீட்டும் தெரிந்த ஒரு விஞ்ஞானி நாட்டுக்குக் கிடைத்தார்.

ஊர் ஊராகப் படிப்பு

படிப்பு முடிந்த கையோடு அவருக்கு உபகாரச் சம்பளங்கள் கிடைத்தன. ஐசக் நியூட்டன் பெயரால் வழங்கப்படும் சம்பளமும் அவற்றில் ஒன்று. உபகாரச் சம்பளம் என்பது தானம் அல்ல. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு வயிற்றுக் கவலை இல்லாமல் ஒரே காரியத்தைச் செய் என்று ஓர் இளைஞனுக்குக் கொடுக்கும் அவகாசம் அது. பாபா பணக்கார வீட்டுப் பிள்ளை. பணத்தைவிட அந்த அவகாசம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

அதை வைத்துக்கொண்டு ஜூரிச் போனார், அங்கே பௌலி. ரோமாபுரி போனார், அங்கே பெர்மி. கோபன்ஹேகன் போனார், அங்கே நீல்ஸ் போர். எல்லோரும் உலகம் அறிந்த பௌதிக மேதைகள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்றார் இந்த இளைஞர்.

விண்வெளியிலிருந்து நம் தலைமேல் ஓயாமல் கதிர்கள் விழுகின்றன. அவற்றுக்குக் காஸ்மிக் கதிர்கள் என்று பெயர். ஒரு கதிர் காற்றில் மோதினால் பல துகள்களாகச் சிதறுகிறது; அவை மேலும் மோதிச் சிதறுகின்றன; கடைசியில் ஒரு மழையே பொழிகிறது. அது எப்படி நடக்கிறது என்பதை 1937-ல் பாபாவும் ஹைட்லர் என்ற விஞ்ஞானியும் கணக்குப் போட்டு விளக்கினார்கள். பாபாவுக்கு அப்போது வயது 27. உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

யுத்தம் வழிமறித்தது

1939-ல் விடுமுறைக்கு இந்தியா வந்தார். வந்த இடத்தில் யுத்தம் மூண்டது. திரும்பிப் போக முடியவில்லை.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் வேலை கிடைத்தது. அங்கே பௌதிகத் துறைக்குத் தலைவர் நம் சர் சி. வி. ராமன். 1941-ல் பாபாவுக்கு லண்டன் ராயல் சொஸைட்டியில் உறுப்பினர் பதவி கிடைத்தது. வயது 31.

பெங்களூரில் அவரிடம் ஆராய்ச்சி செய்ய ஒரு பையன் வந்தான். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. முடித்த கை. வயது 20. பெயர் ஹரீஷ் சந்திரா. அவனை அங்கே படிக்கவைத்து உருவாக்கியவர்களில் ஒருவர் கே. எஸ். கிருஷ்ணன், நம் வத்திராயிருப்பில் பிறந்த விஞ்ஞானி. ஹரீஷ் சந்திராவும் பாபாவும் சேர்ந்து கட்டுரைகள் எழுதினார்கள். 1945-ல் அந்த இளைஞர் கேம்பிரிட்ஜ் போய் டிராக்கிடம் சேர்ந்தார். பிறகு அமெரிக்கா. இருபதாம் நூற்றாண்டின் பெரிய கணித மேதைகளில் ஒருவராகப் புகழ்பெற்றார்.

ஆனால் நிலையாகத் தாய்நாடு திரும்பவில்லை. 1983-ல் அமெரிக்காவிலேயே காலமானார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருடைய தகுதிக்கு ஏற்ற இடம் அன்று இங்கே எது? நல்ல மூளை உள்ள ஒரு பட்டதாரிக்கு இரண்டு வழிகள்தான் கண்ணுக்குத் தெரிந்தன. ஒன்று, கப்பலேறுவது. இன்னொன்று, ஆராய்ச்சியை மறந்துவிட்டு ஓர் உத்தியோகத்தில் ஒட்டிக்கொள்வது.

மூன்றாவது வழி ஒன்றை உண்டாக்க வேண்டும் என்று பாபா நினைத்தார்.

ஒரு கடிதம், ஒரு பங்களா

1944-ம் ஆண்டு மார்ச் மாதம் சர் தோராப் டாட்டா தர்ம நிதிக்கு ஒரு கடிதம் எழுதினார். முதல் தரமான பௌதிக ஆராய்ச்சிக்கு இந்தியாவில் ஒரு நிலையம் வேண்டும் என்று கேட்டார். இன்னும் இருபது முப்பது ஆண்டுகளில் அணுசக்தியிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும், அப்போது நிபுணர்களுக்காக இந்தியா அயல்நாட்டைத் தேடிப் போகக்கூடாது, அவர்கள் வீட்டிலேயே தயாராக இருக்கவேண்டும் என்பது கடிதத்தின் சாரம்.

தேதியைக் கவனிக்க வேண்டும். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை வருஷம் முந்தியது அந்தக் கடிதம். நாட்டுக்குச் சுதந்திரமும் வரவில்லை.

டாட்டா நிதி பணம் கொடுத்தது. 1945-ல் பெங்களூரில் டாட்டா ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. அதே ஆண்டு பம்பாய்க்கு மாறியது. பெடர் ரோட்டில் உறவினரின் பங்களாவில் ஒரு பகுதி. அதுதான் நிலையம்! சில வருஷம் கழித்துப் பம்பாய்த் துறைமுகத்தின் அருகே, பழைய படகுக் கிளப்புக் கட்டிடத்துக்குப் போனார்கள்.

கட்டிடம் சிறிது. ஆள் பிடிப்பதில் மட்டும் பாபா சிறுமை காட்டவில்லை. வெளிநாடுகளில் படிக்கும் இந்திய மாணவர்களை நினைவில் வைத்திருந்து அழைத்தார். லண்டனில் டாக்டர் பட்டம் பெற்ற ராஜா ராமண்ணா 1949-ல் வந்து சேர்ந்தார். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பி. கே. அய்யங்கார் 1952-ல் சேர்ந்தபோது அவருக்கு வயது 21. நான்கு ஆண்டுகளில் அவரைக் கனடாவுக்கு அனுப்பி, அணு உலை வைத்து ஆராய்ச்சி செய்யும் வித்தையைக் கற்றுவரச் செய்தார்கள். அங்கே அவருக்கு வழிகாட்டிய பிராக்ஹவுஸ் 1994-ல் நோபல் பரிசு பெற்றார். அய்யங்கார் 1990-ல் அணுசக்திக் கமிஷன் தலைவரானார்.

குளத்துக்குள் ஓர் உலை

1948-ல் அணுசக்திக் கமிஷன் அமைந்தது. பாபா தலைவர். சாந்தி ஸ்வரூப் பட்நாகரும், கே. எஸ். கிருஷ்ணனும் உறுப்பினர்கள். 1954-ல் டிராம்பேயில் ஆராய்ச்சிக் கூடம் தொடங்கியது. பிரதமர் நேருவுக்குப் பாபாவிடம் அளவு கடந்த நம்பிக்கை.

1955-ல் ஒரு துணிச்சலான காரியத்தில் இறங்கினார்கள். ஒரு சிறிய அணு உலையைச் சொந்தமாகக் கட்டுவது! நீச்சல் குளம் போன்ற ஆழமான தொட்டி. அதில் தூய தண்ணீர். தண்ணீருக்குள் யுரேனியம். யுரேனியம் மட்டும் இங்கிலாந்து கொடுத்தது. உலையின் அமைப்பும், அதைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிகளும் இங்கேயே உருவாயின. செய்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அணு உலை வேலையில் முன் பழக்கம் இல்லாதவர்கள்.

1956 ஆகஸ்டு 4-ந்தேதி பிற்பகல் உலை இயங்கியது. ரஷ்யாவை நீக்கிப் பார்த்தால் ஆசியாவிலேயே முதல் அணு உலை. தண்ணீருக்குள் நீல ஒளி எழும்பியது. நேரு அதற்கு அப்சரா என்று பெயர் வைத்தார். 2009 வரை அது உழைத்தது.

அப்சராவில் பாபா ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டார். இளைஞர்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் காரியம் நடக்கும். ஆனால், அத்தகைய இளைஞர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். வரப்போகும் பெரிய உலைகளுக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். எங்கே போவது? எந்தக் கல்லூரியிலும் அணு உலைப் படிப்பு கிடையாது. எல்லோரையும் வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைக்கப் பணம் போதாது. அனுப்பினாலும் எத்தனை பேர் திரும்புவார்கள்? ஹரீஷ் சந்திராவின் கதை கண்முன்னே இருந்தது.

சம்பளம் கொடுத்து ஒரு பள்ளிக்கூடம்

அதனால்தான் 1957 ஆகஸ்டில் பயிற்சிப் பள்ளி பிறந்தது. அதை நடத்தும் பொறுப்பு ராஜா ராமண்ணாவுக்கு வந்தது.

நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். பெரிய நகரத்துக் கல்லூரியில் படித்தவனும் வந்தான். சிற்றூரிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு ரயிலேறியவனும் வந்தான். பேட்டியில் கேள்வி கேட்டவர்கள் குமாஸ்தாக்கள் அல்ல, விஞ்ஞானிகள். மனப்பாடம் அங்கே பலிக்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு யோசிக்கிறானா என்று பார்த்தார்கள்.

வகுப்பில் ஒரு விசேஷம். பௌதிகம் படித்தவன் என்ஜினீயரிங்கும் கொஞ்சம் கற்கவேண்டும். ரசாயனம் படித்தவன் உலையின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்ஜினீயர் அணுவின் உள்ளமைப்பைப் படிக்கவேண்டும். கதிர்வீச்சினால் உடம்புக்கு வரும் ஆபத்தையும், அதிலிருந்து தப்பும் முறையையும் எல்லோரும் அறியவேண்டும். அணு உலை என்பது பல கைகள் சேர்ந்து செய்யும் வேலை. கொத்தனார் பேசுவது தச்சனுக்குப் புரியாவிட்டால் வீடு எழும்புமா?

பாடம் சொன்னவர்கள் காலையில் வகுப்பெடுத்துவிட்டு மாலையில் சோதனைச் சாலையில் வேலை பார்த்தவர்கள். ஆகவே பாடப்புத்தகம் பழசாகவில்லை. பரீட்சைகளுக்குக் குறைவில்லை. ஓராண்டு முடிந்ததும் யார் எந்தப் பிரிவுக்கு ஏற்றவர் என்று பார்த்து நியமனம் செய்தார்கள்.

அதன் பிறகு வந்த ஏற்பாடுதான் இன்னும் முக்கியம். மற்ற ஆபீசுகளில் மேலே உள்ளவர் ஓய்வு பெற்றால்தான் கீழே உள்ளவருக்கு உயர்வு. டிராம்பேயில் அந்தச் சட்டம் செல்லவில்லை. ஒருவர் செய்த வேலையை எடைபோடுவார்கள். தகுதி இருந்தால் காலி இடம் இருக்கிறதா என்று பார்க்காமலே உயர்வு கொடுப்பார்கள். பக்கத்து மேஜைக்காரர் எப்போது போவார் என்று காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இளம் விஞ்ஞானிகளை நாட்டிலேயே தங்கவைத்ததில் இந்த விதிக்குப் பெரும் பங்கு உண்டு.

பலன் விரைவிலே தெரிந்தது. கனடா உதவியுடன் கட்டிய பெரிய உலை 1960-ல் இயங்கியது. அதற்கு வேண்டிய யுரேனியக் கோல்களில் ஏறக்குறையப் பாதியை டிராம்பே ஆட்களே செய்து கொடுத்தார்கள். 1964-ல் புளூட்டோனியம் பிரிக்கும் ஆலை தயாராயிற்று. அன்று உலகில் சில நாடுகளுக்கு மட்டுமே தெரிந்த வித்தை அது.

1963-ல் அந்தப் பள்ளியின் ஏழாவது அணியில் ஒரு மெக்கானிகல் என்ஜினீயர் வந்து சேர்ந்தார். அனில் ககோட்கர் என்று பெயர். முதல் மாணவராகத் தேறினார். பாபா உட்கார்ந்திருந்த அணுசக்திக் கமிஷன் தலைவர் நாற்காலியில் 2000-ம் ஆண்டு அவர் அமர்ந்தார்.

எதிர்ப்புக் குரல்

எல்லோரும் பாபாவைப் பாராட்டினார்கள் என்று சொல்வதற்கில்லை. கல்கத்தா விஞ்ஞானி மேகநாத சாஹா ஆரம்பத்திலிருந்தே மாறுபட்டார். முதலில் நாட்டில் தொழில் வளரவேண்டும், பல்கலைக்கழகங்களில் பௌதிகப் படிப்பு பலப்பட வேண்டும், அதன் பிறகே அணுசக்திக் கமிஷன் என்பது அவர் கட்சி. வேலை ரகசியமாக நடப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

சாஹாவின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. டிராம்பேக்குப் பணம் வந்த அளவுக்குப் பல்கலைக்கழகங்களுக்கு வரவில்லை. கல்லூரியில் ஆசிரியராக இருந்து அடுத்த தலைமுறையை உருவாக்கியிருக்கக் கூடிய பலர் அரசாங்க ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் போய்விட்டார்கள். இந்த ஆபத்து பாபாவுக்கும் தெரிந்தே இருந்தது. 1966 ஜனவரியில் பம்பாயில் நிகழ்த்திய சொற்பொழிவில் அதை எடுத்துப் பேசினார். ஆராய்ச்சிக் கூடத்தைக் கட்டிவிட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆட்களை இழுத்தால் பல்கலைக்கழகம் மெலியும், தாங்களே ஆட்களைப் பயிற்றுவித்து அவர்களைச் சுற்றி நிலையத்தை வளர்ப்பதே முறை என்று வாதாடினார். பயிற்சிப் பள்ளி அதற்கு அவர் காட்டிய உதாரணம் என்றே கொள்ளலாம். ஆனால் பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் பல்கலைக்கழகங்கள் ஈன்ற பிள்ளைகள்தானே? சாஹா 1956-லேயே காலமாகிவிட்டார். அவர் கேட்ட கேள்வி பிறகும் ஓயவில்லை.

மரத்தை வெட்டாதவர்

பாபா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மேல்நாட்டுச் சங்கீதத்தில் மோகம் அதிகம். நன்றாகப் படம் வரைவார். சர் சி. வி. ராமனின் முகத்தையும் வரைந்திருக்கிறார்.

இளம் விஞ்ஞானிகள் வேலை செய்யும் இடம் அழகாக இருக்கவேண்டும் என்பதில் பிடிவாதக்காரர். வழியில் மரம் நின்றால் வெட்ட விடமாட்டார். வேரோடு எடுத்து வேறு இடத்தில் நடச் செய்வார். பம்பாய் கொலாபாவில் கடலோரம் எழுந்த டாட்டா நிலையத்தின் புதுக் கட்டிடத்தை 1962-ல் நேரு திறந்துவைத்தார். அதன் சுவரில் ஓவியர் உசேன் வரைந்த நீண்ட சித்திரம் இருக்கிறது. விஞ்ஞானக் கூடத்தில் ஓவியம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. நாள் முழுவதும் எண்களோடு மல்லாடும் பிள்ளைகளின் கண்ணுக்கு அது ஒரு நிழல் அல்லவா?

பனிமலையில் முடிந்த பயணம்

1966 ஜனவரி 24. டில்லியில் இந்திரா காந்தி பிரதமராகப் பதவி ஏற்கவேண்டிய நாள். அன்று காலை பாபா ஆகாயத்தில் இருந்தார். வியன்னாவில் சர்வதேச அணுசக்தி நிறுவனத்தின் கூட்டம். அதற்காகப் புறப்பட்டிருந்தார். ஏர் இந்தியா விமானம் ஜெனீவாவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங் சிகரத்தின் அருகே பனிச்சரிவில் மோதி நொறுங்கியது. விமானத்தில் இருந்த 117 பேரும் மாண்டார்கள். பாபாவுக்கு வயது 56.

அவருக்குப் பின் விக்ரம் சாராபாய் கமிஷனின் தலைவரானார். 1967-ல் டிராம்பே ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பாபாவின் பெயரைச் சூட்டினார்கள். தாராப்பூரில் அவர் திட்டமிட்ட மின் நிலையம் 1969-ல் மின்சாரம் கொடுத்தது. பயிற்சிப் பள்ளிக்குக் கல்பாக்கம் உட்பட வேறு ஊர்களிலும் பிற்காலத்தில் கிளைகள் ஏற்பட்டன. இன்றும் ஆண்டுதோறும் புதிய பட்டதாரிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

விமானம் விழுந்த செய்தி வந்தபோது, பள்ளியில் ஒன்பதாவது அணி படித்துக்கொண்டிருந்தது. பாதி ஆண்டுப் பாடம் பாக்கி இருந்தது. அந்தப் பிள்ளைகள் படிப்பை முடித்து உத்தியோகத்தில் சேர்ந்தார்கள். அவர்கள் எழுந்துபோன பெஞ்சுகளில் பத்தாவது அணி வந்து உட்கார்ந்தது.